பேஸ் அம்பின் ஹம்மை நான் நிறுத்திய விதம்

கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, பழைய வால்வ் அம்ப் ஒன்றைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால், சூடேறிய வால்வில் படிந்திருக்கும் தூசி கருகி ஒரு மணம் வரும்… அதற்குப் பின்னால் அந்த ஹம் சத்தம் வரும். ம்ம்ம்ம்…

அந்தச் சத்தத்தை நிறுத்தப் போய் நான் செய்த வேலையின் முழுக்கதையை இருபது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டி வந்துவிட்டது. இன்னும் எனக்குப் பதற்றம் அடங்கவில்லை.

அப்போது முந்தல் என்ற ஊரில் ஒரு இறால் பண்ணையில் மோட்டார் பார்க்கிற வேலை. கறண்ட் வேலை கொஞ்சம் தெரியும். தெரிந்ததைவிட மண்டைக்கனம் அதிகம்.

சனி, ஞாயிறில் நாங்கள் நாலு பேர் ஒரு பேண்ட். சிலாபம் பக்கத்துக் கல்யாண வீடுகள்தான் எங்கள் மேடை. நான் பேஸ் கிட்டார், ரிஸ்வான் பாட்டு. அவன் சின்ன வயதில் குடும்பத்தோடு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். தமிழ்ப் பாட்டை முடித்த மூச்சிலேயே சிங்களப் பாட்டைத் தொடங்குவான்.

கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் அந்த அம்பை வாங்கினோம். தூக்க மூன்று பேர் வேண்டும். நல்ல கனமான சத்தம்… ஆனால் ஹம்.

லீட்டை, அதாவது கொளுவுகிற வயரை, மாற்றினோம். வால்வை மாற்றினோம். உப்புக் காற்றில் பச்சை பிடித்த இடங்களையெல்லாம் சுரண்டினோம். டவுனில் ரேடியோ திருத்துகிறவர் பெரிய கெப்பாசிட்டர் இரண்டை மாற்றித் தந்தார். அதன்பிறகு அம்ப் தனியாக இருந்தால் சத்தமே இல்லை. மைக் எல்லாம் போய்ச் சேருகிற மிக்சரோடு லீட்டைக் கொளுவியவுடன் மறுபடி ம்ம்ம்ம்…

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, பெட்டிக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கோ?"

எனக்கு மானம் போய்விட்டது. அடுத்த நாளே அம்பின் ப்ளக்கைத் திறந்து, கசிகிற கறண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த் வயரை வெட்டினேன்.

எங்கள் பக்கத்தில் எர்த்துக்கு அவ்வளவுதான் மரியாதை. ரெண்டு பின் ப்ளக்கைச் செருகுவதற்கு எர்த் ஓட்டைக்குள் பேனாவை விட்டுக் குத்துகிறவர்கள் நாங்கள். ஃப்ரிட்ஜைத் தொட்டால் கறண்ட் கிள்ளுகிறது என்றால், செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு என்போம்.

ஹம் அப்படியே நின்றுவிட்டது. ரிஸ்வான் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"என்னடா செஞ்ச?"

"எர்த்த வெட்டினன், அவ்வளவுதான்."

"நீ பெரிய இஞ்சினியர்தான் மச்சான்."

நாலைந்து மாதம் ராஜா மாதிரி வாசித்தோம். பிறகு ஒரு பகல் கல்யாணம், தென்னந்தோட்டம் ஒன்றில். நடுவில் மழை தூறியது. சாமான்களை அவசரமாக இடம் மாற்றினோம். அந்த அவசரத்தில் அம்புக்கும் மிக்சருக்கும் இடையிலான லீட்டைக் கொளுவ மறந்துவிட்டோம். எர்த் வெட்டுப்பட்ட அம்புக்கு அதுவரை எர்த் கிடைத்ததே அந்த லீட் வழியாகத்தான் என்பதும், உள்ளே மாற்றாமல் விட்ட ஒரு பழைய கெப்பாசிட்டர் கறண்டைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது என்பதும் பிற்பாடுதான் எனக்கு விளங்கியது.

பாட்டுக்கு முதல் என் கிட்டாரை எடுத்துத் தந்த ரிஸ்வான் சொன்னான்:

"மச்சான், ஒண்ட கம்பி கிள்ளுது."

"செருப்பப் போடு," என்றேன்.

அவனுக்கு ஒரு பழக்கம். கடைசிச் சரணத்தில் என்னிடம் வந்து, ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடி மற்றக் கையால் என் கிட்டார் கம்பியை ஒரு இழுப்பு இழுப்பான். சனம் கைதட்டும். அன்றும் வந்தான்… வெறுங்காலோடு.

வாய் திறந்தபடி நின்றான். பாட்டு வரவில்லை. நான் சிரித்தேன். ஐயோ, நான் சிரித்தேன். நடிக்கிறான் என்று நினைத்தேன். சனமும் கைதட்டியது. அவன் கண்ணைப் பார்த்த பிறகுதான் கறண்ட் பிடித்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. சப்பாத்துப் போட்டு, மைக்கைத் தொடாமல் நின்ற எனக்கு ஒன்றும் இல்லை; கம்பியிலிருந்து மைக்குக்கு அவன் உடம்பு வழியாகத்தான் கறண்ட் பாய்ந்தது. அப்படியிருந்தும் அசையாமல் மரமாக நின்றேன். பெண்ணின் மாமன்தான் ஓடிவந்து அம்பின் கறண்ட் வயரைப் பிடுங்கி எறிந்தார்.

ரிஸ்வான் விழுந்தான். கொஞ்ச நேரம் மூச்சில்லை. பிறகு வந்தது. அவன் உள்ளங்கையில் கம்பி பட்ட இடங்கள் கோடு கோடாகக் கருகியிருந்தன.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டான்:

"என்னடா நடந்திச்சு?"

"மழைத் தண்ணி மைக்குக்குள்ள போயிட்டுது மச்சான்."

நம்பினான். நான் சொன்னால் கறண்ட் விஷயத்தில் எதையும் நம்புவான். அந்தக் கிழமை முடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் எர்த் வயரைத் திரும்பக் கட்டினேன். அதுவரை வேறு வேறு ப்ளக்கில் செருகிவந்த அம்பையும் மிக்சரையும் ஒரே ப்ளக் பலகையில் செருகிப் பார்த்தேன். ஹம் இல்லை. அவ்வளவுதான் வைத்தியம். அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

போன ஞாயிறு, இப்போது அவன் குடியிருக்கிற நுரைச்சோலையிலிருந்து ரிஸ்வான் ஃபோன் எடுத்தான். சந்தோஷமான குரல்.

"மச்சான், மூத்தவன் பழைய வால்வ் அம்ப் ஒண்டு வாங்கியிரிக்கான். நம்மட அதே ஹம்முடா. நான்தான் நீ செஞ்ச வேலையச் சொல்லிக் குடுத்தன். எர்த்த வெட்டியாச்சு. இந்தா கேளு…"

ஃபோனை அம்புக்குப் பக்கத்தில் பிடித்தான். ஒரு சத்தமும் இல்லை.

"ரிஸ்வான், மொதல்ல சுவிட்ச நிப்பாட்டு. மகன கிட்டாரக் கீழ வைக்கச் சொல்லு. பிறகு கதைப்பம்."

நிறுத்தினான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப… மைக்குக்குள்ள தண்ணி போகல்லயா?"

"இல்ல மச்சான்."

"இவனும் மைக்கில வாய வச்சுப் பாடிக்கிட்டேதான்டா வாசிப்பான்," என்றான். ஃபோனை வைத்துவிட்டான்.

அந்தக் காலத்தில் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்தால், அடுத்த பஸ்ஸில் ஏறி அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவனுடைய உம்மா சாப்பாடு போட்டதும் அது முடிந்துவிடும். இப்போது நாலு நாளாக ஃபோனில் அவன் பெயரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நான் கோல் எடுத்தாலும் அவன் தூக்குவதில்லை.

நாளைக்குக் காலையில் பஸ் ஏறுகிறேன். அவன் என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை… அவன் மகன் பார்த்திருக்க, அந்த வயரை என் கையாலேயே கட்டிவிட்டு வருவேன்.