பெயர் வெளியே போகாது என்று சொன்னேன்

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்தேன். பிரசவம் பார்ப்பேன், தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுவேன், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குச் சிரங்கு வந்தால் மருந்து தடவுவேன். அப்பா ஹட்டன் பஜாரில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவர். அதனால் சிங்களம் எனக்குத் தெருவில் விளையாடும்போதே வந்துவிட்டது. அந்தச் சிங்களம்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தோட்டங்களில் வேலைநிறுத்தம் வரும் என்று பயந்து, எங்களுக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய ஃபேக்டரியில் ராணுவத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வேலைநிறுத்தம் வரவில்லை. ஆமிக்காரர்கள் திரும்பிப் போகவும் இல்லை. எல்லோரும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் குளிர் அவர்களுக்குத் தாங்கவில்லை. செய்வதற்கு வேலையும் இல்லை. பின்னேரமானால் சிலர் குடிக்கத் தவறணைக்குப் போனார்கள், சிலர் பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்குப் போனார்கள், சிலர் எங்கள் ஆட்கள் குடியிருந்த லயங்களின் பக்கமும் வந்தார்கள். மூன்று நான்கு மாதத்தில் அவர்களுக்குள் மேகநோய் பரவிவிட்டது.

முகாமுக்கு ஒரு ராணுவ டாக்டர் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒருநாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே பொறுப்பிலிருந்த டாக்டரையாவிடம் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார்.

"மிஸ்ஸி, என்னிடம் வருகிறவனை நான் குணப்படுத்திவிடலாம். அவன் மறுபடி அதே இடத்துக்குப் போய் மறுபடி வாங்கிக்கொண்டு வருவான். அந்தப் பெண்களுக்கும் மருந்து போனால்தான் இது நிற்கும். நான் போய் அவர்கள் கதவைத் தட்ட முடியாது. நீங்கள் போகலாம்."

"தோட்டத்துக்குத் தெரிந்தால் அவர்கள் பிழைப்பு போய்விடும், சார்" என்றேன்.

"தெரியாது. பெயர் உங்களையும் என்னையும் தாண்டிப் போகாது."

நான் நம்பியதற்குக் காரணம், அவர் மற்றவர்களைப் போல் ஒழுக்கம் பேசவில்லை. முகாமில் பையன்களை உட்காரவைத்து அவர் பேசியபோது என்னையும் ஓரமாக நிற்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கையில் ஒரு ரப்பர் உறையை எடுத்துக் காட்டினார். பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடியுங்கள்" என்றார். "போகாமல் இருந்தால் நல்லது. போனால் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் புண்ணோ எரிச்சலோ வந்தால் மறைக்காமல் என்னிடம் வாருங்கள். தண்டனை கிடையாது. யாரோடு இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். இதோ இந்த மிஸ்ஸி போய் அந்தப் பெண்ணுக்கும் மருந்து கொடுப்பார். அவளும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான்."

அவளும் ஒரு தாய்க்குப் பிள்ளை என்று சொன்ன ஒரு டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பையன்கள் வந்தார்கள். பெயர்களும் வந்தன. அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். என்னிடம் வாயால் சொல்வார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி மேல் லயத்தில் இருந்தாள். கிட்டத்தட்ட என் வயது. புருஷன் இந்தியாவுக்குப் போய் இரண்டு வருஷம். ஒரு கடிதம்கூட இல்லை. ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. அவளிடம் வந்துபோன சிப்பாய்க்குப் பத்தொன்பது வயது. அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தான்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அவள் வீடு திரும்பிய பிறகு, பிள்ளைக்கு இருமல் மருந்து கொண்டுபோவது போல லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"எம்பேர அவரா சொன்னாரு?"

"ஒனக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காரு. அவருகிட்டருந்துதான் ஒனக்கு வந்திருக்கும். பத்து நாளு ஊசி போட்டா சரியாப் போயிரும்."

"தொரைக்குத் தெரிஞ்சா என்னைய வச்சிருப்பாரா? கணக்கப்புள்ளைக்குத் தெரிஞ்சாலே போதுமே."

"தெரியாது. ரத்தம் பத்தலன்னு ஊசி போடுறதா எழுதிக்கிறேன். ஒம்பேரு வெளிய போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

அவள் ஒரு சுள்ளியை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு, "நீங்க சொல்றதுனால வர்றேன், மருத்துவச்சியம்மா" என்றாள்.

ஆறு நாள் வந்தாள். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். ஏழாம் நாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் நின்றிருக்கும்போது கணக்கப்பிள்ளை நான்கு பேரையும் தனியாக நிறுத்தி, "ஆமிக்காரனுக்குச் சீக்கு குடுத்தவளுங்களுக்கு இங்க வேலை இல்ல. ஆபீசுல போய்ப் பத்துச்சீட்ட வாங்கிக்கிட்டுக் கெளம்புங்க" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நீக்கும் சீட்டு. வேலை போனால் காம்பராவும் போய்விடும்.

நான் ஆஸ்பத்திரியில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இன்னும் நாலு ஊசி இருக்குன்னு சொன்னீங்களே. அத எந்தத் தோட்டத்துல போய்ப் போட்டுக்கிறது?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை.

நேராகத் தோட்டத்து மேனேஜர் துரையின் ஆபீசுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். தோட்டத்து ஆட்களை அவர் உட்காரச் சொல்வதே இல்லை. முகாமிலிருந்து வந்த கடிதத்தை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். நான்கு பேருடைய பெயர்கள், லயத்தின் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. கீழே, இந்த விவரங்களைத் தோட்டத்து மருத்துவச்சியின் ஒத்துழைப்புடன் சேகரித்ததாக எழுதியிருந்தது. நல்ல வேலை செய்தாய் என்று துரை சொன்னார். இந்த மாதிரி விஷயத்தை இனிமேல் நேராகத் தன்னிடமே கொண்டுவரலாம் என்றும் சொன்னார்.

முகாமுக்கு எப்படி நடந்து போனேன் என்று ஞாபகம் இல்லை. டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பெயர் நம்மைத் தாண்டாது என்று சொன்னீர்களே, சார்."

"மேலதிகாரி கொப்பியைக் கேட்டார். நான் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. துரைக்கு எழுதியது அவர். நான் இல்லை."

"என் பெயரைப் போட்டது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "விவரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்."

"பையன்களுக்கும் தண்டனை இல்லை என்றீர்கள்."

"அவர்களுக்கும் லீவு இல்லை என்று உத்தரவு வந்திருக்கிறது." மறுபடி என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸி, இந்தப் படையின் ஆரோக்கியத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. தோட்டம் என் கையில் இல்லை" என்றார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தான் செய்தது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்தக் கொப்பியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அதன்பிறகு ஒரு சிப்பாயும் அவரிடம் போகவில்லை. நோய் வந்தவர்கள் மறைத்தார்கள்; பஜாரில் யாரோ ஒருவனிடம் சூரணம் வாங்கிச் சாப்பிட்டார்கள். ரப்பர் உறைப் பெட்டியை வாங்கக்கூட ஆள் இல்லை, அதை எடுத்தாலே பெயர் எழுதிக்கொள்வார்கள் என்று பயப்படுகிறார்கள் என்று பேக்கரியிலிருந்து முகாமுக்குப் பாண் கொண்டுபோகிறவர் சொன்னார். லயத்தில் என்னைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மாதம் இரண்டு பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பத்தொன்பது வயதுச் சிப்பாய் ஒருநாள் சீருடை இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவள் எங்கே போனாள் என்று கேட்டான். "டாக்டர் மாத்தயா சொன்னதால்தான் பெயரைச் சொன்னேன். அவளுக்கும் சுகமாகட்டும் என்றுதான் சொன்னேன்" என்று அழுதான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, அவளோடு கொழுந்து பறித்த ஒருத்தி தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில், தன் சின்னம்மா வீட்டில் இருக்கிறாளாம். டாக்டரையாவிடம் போய்ப் பத்து ஊசிக்கு மருந்து கேட்டேன். நடுவில் விட்டுப்போனதால் முதலிலிருந்து போட வேண்டும். அவர் ஒன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்து கொடுத்தார். அந்தத் தோட்டத்திலும் ஒரு மருத்துவச்சி இருந்தார், எனக்குத் தெரிந்தவர்தான். அவரிடம் சொன்னால் வேலை முடிந்திருக்கும். ஆனால் சொல்வதென்றால் பெயரைச் சொல்ல வேண்டும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தலவாக்கலையில் என் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, பத்து நாளும் நானே போனேன்.

முதல் நாள் கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். உள்ளே போனதும் சொன்னாள்: "மருந்த வாங்கிக்கிறேன். புள்ள இருக்கு, எனக்கு ஒடம்பு வேணும். பேச்சு மட்டும் வேணாம்."

ஒன்பது நாள் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு படுத்தாள். நான் போட்டுவிட்டு வந்தேன். பத்தாம் நாள் ஊசியை எடுத்த பிறகு, திரும்பாமலே கேட்டாள்.

"சின்னம்மாகிட்ட என்ன ஊசின்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

"சத்து ஊசின்னு."

"அதுலயாவது மாறாம இருங்க."

வெளியே வந்தேன். அவள் சின்னம்மா எனக்காகத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். தலவாக்கலையிலிருந்து தினமும் வந்து இவ்வளவு செய்கிறீர்களே, நீங்கள் நல்லாயிருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கோப்பையைக் கையில் வாங்கினேன். குடிக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டு நடந்தேன்.