ஒரு கண் சுருங்கினால் அளவு சரி

வதந்திக்குக் கால் கிடையாது என்பார்கள். அந்தக் குடியிருப்பில் அதற்குக் கால் தேவைப்படவும் இல்லை, லிஃப்ட் இருந்தது. மூன்றாம் மாடிக்காரர் காலையிலேயே பெண்டாட்டிக்கு மதுவை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது செய்தி. கீழே இறங்க இறங்க, அவர் அடிக்கிறார், அவள் அழுகிறாள் என்று மாடிக்கொன்றாகச் சேர்ந்துகொண்டது.

விசாரித்துப் பார்த்தால் அடியும் அழுகையும் பொய். மற்றதெல்லாம் அட்சரம் பிசகாத உண்மை. வதந்தியில் இப்படியும் ஒரு மோசமான ரகம் உண்டு.

அவர் பெரிய ஹோட்டல் பாரில் மது கலந்து கொடுத்தவர். கூட இருந்தவர்கள் வைத்த பெயர் மூக்கர். பார் திறக்குமுன் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்தையும் முகர்ந்து, முந்தைய நாள் திறந்ததில் எது கெட்டது என்று சொல்லிவிடுவார். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வெறுங்கையோடு போகவில்லை, மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று. புளித்த ஒயினை ஒரு மேசைக்கு ஊற்றிக் கொடுத்த அன்று வேலையும் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. மூக்கு போன சங்கதி மனைவிக்கு மட்டுமே தெரியும்.

புதிதாகத் திறக்கவிருந்த ஒரு பாரின் முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தார். இத்தாலிக்காரர்கள் வெயில் சாயும்போது குடிக்கும் ஸ்ப்ரிட்ஸ். பெரிய கோப்பை நிறைய ஐஸ், நுரைக்கும் ஒயின் மூன்று பங்கு, ஆரஞ்சு நிறக் கசப்பு மது இரண்டு பங்கு, சோடா ஒரு பங்கு, மேலே ஓர் ஆரஞ்சுத் துண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் கலந்துவிடுவார். முதலாளி கேட்டதோ வேறு.

"பாட்டில்ல வர்ற கசப்ப எல்லாருந்தான் ஊத்துறாங்க. நீங்க மூக்கராச்சே. கசப்ப நீங்களே வீட்டுல தயார் பண்ணிக் கொண்டு வாங்க."

பெயரே எமனாக வந்து நின்றது.

சமையலறை அலமாரியில் ஜாடிகள் ஏறின. தெளிந்த சாராயத்தில் ஆரஞ்சுத் தோலும் கசப்பு வேரும் ஊறின. வீட்டு ஐஸ் தட்டு விரிசல் விட்டிருந்ததால் எதிர்வீட்டு அக்காவிடம் ஒன்று இரவல் வாங்கினார். ஐஸ் சரியாக உறைகிறதா என்று விசாரிக்கும் சாக்கில் அக்கா எட்டிப் பார்த்ததைத்தான் லிஃப்ட் கீழே இறக்கியது.

கசப்பை அளக்க ஒரு நாக்கு வேண்டும். வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றுதான். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் மனைவி, மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஒரு மடக்குக் குடிப்பாள். எப்படி என்று கேட்டால் நல்லாருக்கு என்பாள். கல்யாணமானதிலிருந்து அவர் எதைச் செய்தாலும் அவள் வாயில் வருவது அதுதான். ஆகவே அவர் வாயை விட்டுவிட்டு முகத்தைப் பிடித்தார். பானம் நாக்கில் பட்டதும் ஒரு கண் மட்டும் சுருங்கினால் அளவு சரி, இரண்டும் மூடினால் அதிகம். முதன்முறை குடிக்கும் வாடிக்கையாளர்களின் முகத்தில் கற்ற பாடம் அது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முகமும் நல்லாருக்கு என்று சொல்லத் தொடங்கிவிடும்.

ஆரம்பத்தில் அவளுடைய இடது கண் அழகாகச் சுருங்கியது. சில நாள் கழித்துச் சுருங்கவில்லை. தோலில் சாரமில்லை போலும் என்று வேரைக் கூட்டினார். சுருங்கியது. மறுபடியும் நின்றது. இன்னும் கூட்டினார். இதற்கிடையே அவள் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தாள். அதைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

பரீட்சையன்று கோப்பை பார்க்க ஓவியம் மாதிரி இருந்தது. முதலாளி ஒரு மடக்குக் குடித்தார். இரண்டு கண்ணும் மூடின. திறக்க நேரமாயிற்று.

"இத நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். அவருக்குத் தெரிந்தது சில்லிப்பும், நாக்கில் குமிழி குத்துவதும் மட்டுமே. பார்த்தேன் என்றார்.

"பூச்சி மருந்து கேட்டு வர்றவங்களுக்குக் குடுக்கலாம். உங்களுக்கு மூக்கர்னு பேரு வெச்சது யாருங்க?" முதலாளி கோபப்படவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மிச்ச ஊறலை மேசையில் வைத்தார். மனைவி கேட்காமலே ஊற்றிக் குடித்தாள். இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது முகம்.

"நல்லாத்தானே இருக்கு?"

"கசக்கலையா?"

"மொதல்ல கசந்துச்சுங்க. அப்புறம் பழகிப் போச்சு."

"எப்பலேர்ந்து?"

"அதெல்லாம் யாரு கவனிச்சா."

அவர் ஜாடிகளைத் தொட்டியில் கவிழ்த்தார். வீடெல்லாம் ஆரஞ்சு வாசம் என்றாள் அவள். அவளை நம்ப வேண்டியிருந்தது. வேறெந்த பாருக்கும் இனி அவர் போகப்போவதில்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் லிஃப்டில் எதிர்வீட்டு அக்கா. "ஐஸ் தட்ட மெதுவாக் குடுங்க தம்பி. அவசரமில்ல." தட்டு திரும்பிவிட்டால் அக்காவுக்குக் கதவைத் தட்டச் சாக்கு ஏது?

இன்றே கொடுத்துவிடுவது என்று ஃப்ரீசரைத் திறந்தார். தட்டு அடியோடு ஒட்டி உறைந்திருந்தது. எடுக்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கரையும்வரை காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். கை மரத்ததும் கதவைச் சாத்திவிட்டார். தட்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, நிறைய ஐஸோடு.