சாவி கொடுக்காத நாள்

சிவப்பு நாடா கட்டிய சாவிகளைத் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் கட்டி முடித்த தாமான் குடியிருப்பின் வாசலில் கூடாரம் போட்டாகிவிட்டது. பிரியாணிக்கும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலை, வீடு வாங்கியவர்களுக்குச் சாவி கொடுக்கும் விழா. அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் முதலாளியை யாரும் மேடம் என்று அழைத்ததில்லை. சீனக் கான்ட்ராக்டர்கள்கூட ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவருடைய விற்பனை மேலாளர். அக்கா முதலில் ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டு ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தவர். பிறகு ஏஜெண்டாகி, பாயான் பாருவில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிற்சாலைப் பெண்களுக்கு வீடு காட்டினார். துணியை எங்கே காயப்போடுவது, மாமியார் எந்த அறையில் படுப்பார் என்று அந்தப் பெண்கள் கேட்ட எதற்கும் ஒப்பந்தத்தில் பதில் இல்லை. அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டுதான் அவர் தானே கட்ட இறங்கினார். முதலில் ஒரு வரிசைக் கடைவீடுகள், அப்புறம் தாமான்கள். அடுத்தது ஜார்ஜ் டவுன் கடலோரத்தில் ஓர் உயர்ந்த அடுக்குமாடி. நிலம் பேசி வைத்திருந்தோம். இந்தத் தாமானை ஒப்படைத்ததும் அதற்கான கடனுக்குக் கையெழுத்துப் போடுவதாக வங்கி சொல்லியிருந்தது.

மழை விடவில்லை. “வா, ஒரு சுத்து பாத்துட்டு வந்துருவோம்” என்றார் அக்கா. பொறியாளரும் கூட வந்தார். கடைசி வரிசையில் ஒரு வீட்டைத் திறந்தோம். பின்னால் ஓடும் பெரிய வடிகாலான லோங்காங் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் சமையலறைத் தரையின் குழாய்த் துவாரம் வழியாக எதிர்த்து மேலே வந்துகொண்டிருந்தது.

“எல்லாம் அப்ரூவல்படிதான் இருக்கு அக்கா. சாவியக் குடுத்துருவோம், ரிப்பேர அப்புறம் பாத்துக்கலாம் லா” என்றார் பொறியாளர்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, அடுப்பு வைக்கும் இடத்தில் போய் நின்றார். “இங்க நின்னு சோறாக்கணும். நீ ஆக்குவியா?”

நானும் விடவில்லை. கடைசி வரிசையை மட்டும் நிறுத்திவைத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன்.

“லோங்காங் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே? இன்னிக்குக் கடைசி வரிச, இன்னொரு மழைக்கு நடு வரிச.”

“அப்ப விழாவ நிறுத்திடவா அக்கா?”

“வேணாம். ஜனங்க வரட்டும். நானே சொல்றேன்.”

காலையில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பால் காய்ச்சப் புதுப் பானையும் அடுப்பும் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். அக்கா மைக்கைப் பிடித்தார். “இன்னிக்குச் சாவி இல்ல. வீட்டுக்குள்ள தண்ணி வருது. வாங்க, காட்டுறேன்.” சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். சேறு படிந்த சமையலறையை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் எழுந்த சத்தத்தில் மைக்குக்கு வேலையே இல்லாமல் போனது.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். “வாடக வீட்டக் காலி பண்ணிட்டு வந்துட்டேன்! பொண்டாட்டி புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறது?”

“எடம் நான் பாத்துத் தரேன். வீடு முடியற வரைக்கும் வாடக என்னோடது.”

“வாயால சொன்னா யாரு நம்புவா?”

“அப்ப எழுதித் தரேன் தம்பி.” விழாவுக்கு வந்திருந்த எங்கள் வழக்கறிஞர் பேனாவை எடுப்பதற்குள் வாசகத்தை அக்காவே சொல்லத் தொடங்கிவிட்டார். எந்தச் சொல்லிலும் தப்பிக்க வழி வைக்கவில்லை. வழக்கறிஞர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், அப்படியே எழுதினார். எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஜனங்கள் கோபத்தோடுதான் பிரியாணி சாப்பிட்டார்கள்.

அந்த வாரமே வங்கி பின்வாங்கியது. கடலோர நிலம் வேறொரு நிறுவனத்துக்குப் போனது. செய்தி வந்த மதியம் அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. “ஒரு காப்பி சொல்லு. லோங்காங் பிளான எடுத்துட்டு வா” என்றார். தோண்டினோம், லோங்காங்கை அகலமாக்கி, தண்ணீர் தேங்க ஒரு குளமும் வெட்டினோம். அடுத்த பெருமழைக்கு முன் எல்லோரும் குடியேறிவிட்டார்கள். மழையன்று அக்கா கடைசி வரிசையில் ஒரு வீட்டுக்குள் நேராகச் சமையலறைக்கே போய், குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். அங்கே மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண் திகைத்துப்போய், பிறகு சிரித்துவிட்டார். தரை காய்ந்திருந்தது.

பிறகு ஜெலுத்தோங்கில் சிறிய அடுக்குமாடி ஒன்றைத் தொடங்கினோம். நான் விளம்பரத்துக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தாமான்காரர்கள் தங்கள் தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மாதிரி வீட்டுக்குச் சாயம் பூசுமுன்னே எல்லா வீடுகளும் விற்றுப்போய்விட்டன. இன்றுவரை எங்களுக்கு வேலை ஓயவில்லை.

போன வாரம் அக்காவைப் புதுக் கட்டுமானத்துக்குக் காரில் அழைத்துப் போனேன். கடலோரச் சிக்னலில் நின்றபோது, எங்கள் கையைவிட்டுப் போன நிலத்தில் மற்றவர்கள் எழுப்பிய அடுக்குமாடிக் கோபுரம் வெயிலில் மின்னியது. அத்தனை ஆண்டுகளாகக் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். “வருத்தம் இல்லையா அக்கா?”

“இல்லாம என்ன? நான் கட்டியிருந்தா பால்கனிய இன்னும் கொஞ்சம் அகலமா வச்சிருப்பேன்.” கார்க் கண்ணாடியை இறக்கி அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “பச்ச விழுந்துருச்சு, எடு. அங்க அஸ்திவாரத்துக்குப் பைலிங் அடிக்கிற ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.”