முந்நூற்று எண்பது நொடி

2027 ஆகஸ்ட் இரண்டாம் தேதி, ஆடி அமாவாசையன்று, எகிப்தில் லக்சர் என்ற ஊரில் சூரியன் முழுதாக மறையும். சுமார் முந்நூற்று எண்பது நொடி. இதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பரிசோதனை அறையில் முப்பத்தாறு வருடம் நூலின் முறுக்கு எண்ணியவன் நான். இப்போது வயது எழுபத்து மூன்று. முழு கிரகணம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். அங்கே ஆகஸ்ட் வெயில் நம் சித்திரையைவிடக் கடுமை. நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் தலைசுற்றாமல் நடந்து காட்டினால்தான் டிக்கெட். நியாயம்தான். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. முக்கால் மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டியவன் நான். அவ்வளவு தூரம் போய், அந்த முந்நூற்று எண்பது நொடியும் கழிப்பறையில் நின்றால்?

ஒத்திகைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளைத் தேர்ந்தேன். இராஜபாளையத்தில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் காரணம் கேட்பார். நான் விழுந்தால் தூக்குவதற்கென்று மனைவியும் பஸ் ஏறினாள். எகிப்துத் திட்டத்தில் அவளுக்கு இடம் வைக்கவில்லை. கிரகணம் என்றால் ஊறுகாய் ஜாடியில் தர்ப்பையைப் போட்டு, கதவைச் சாத்தி, விட்டபின் தலைக்குக் குளிப்பவள். வருகிறாயா என்று நான் கேட்டதே இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மூன்று சுற்று என்பது கணக்கு. இரண்டாம் சுற்றின் பாதியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒரு மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்தேன். லக்சர் போயிற்று என்று நினைத்தேன். அதுவரை கூடவே நடந்து வந்தவள் குடையை என்னிடம் கொடுத்தாள். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். மீதி ஒன்றரைச் சுற்றையும் முடித்து வந்து நின்றபோது வியர்வை இருந்தது, மூச்சு வாங்கவில்லை. பேண்டேஜ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் நின்றே பேக்கிங் செய்த கால்கள். அவற்றை நான் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

"நானும் வாரேன்" என்றாள். "நீங்க அம்புட்டு நேரமும் வாச்சைத்தான் பாத்துக்கிட்டு இருப்பீக. சூரியனை யாரு பாக்குறது?"

தோஷம் என்பாயே என்றேன்.

"கதவைச் சாத்திக்கிட்டு இத்தனை வருசம் இருந்தாச்சு. போதும்."

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. அன்று மாலை மகளுக்கு அவளே போன் செய்து, அப்பா ஒன்றரை, நான் மூன்று என்று சொன்னாள். அம்மா கூடப் போனால் சரி, ஆனால் அப்பாவும் மூன்றை முடிக்கட்டும் என்று பதில் வந்தது. பன்னிரண்டாம் நாள் முடித்தேன், அவளுக்கு ஆறு நிமிடம் பிந்தி.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எதற்குப் பயணம் என்று என்னைத்தான் கேட்டார். "கிரகணம் பாக்க" என்று அவள் சொன்னாள். அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்த பார்வையை இதுவரை பதினேழு பேரிடம் சொல்லிவிட்டேன்.

அவளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ஊர் திரும்பியிருக்க வேண்டும். அமாவாசைக்கும் தேருக்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று நாள். விமானம் தாமதமானால் என்ன ஆகும் என்று தினமும் மணிக்கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், விரல்விட்டுத்தான். கைக்கடிகாரத்தை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை. லக்சரிலும் அது அவள் பையில்தான் இருக்குமாம்.