பனிக்கு இழுத்த கொடும்பாவி

எங்கள் கந்தோரில் மதிய வேளையில் ஒரு ரெலிபோன் இலக்கம் தேட வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கந்தோரின் ரெலிபோன் புத்தகங்கள் அத்தனையும் அந்த நேரத்தில் என் மேலதிகாரி புரூஸின் முதுகுப்பைக்குள் இருக்கும். புரூஸ் படிக்கட்டில் இருப்பார். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம், திரும்பக் கீழே, திரும்ப மேலே. கழுத்தில் ரை கட்டிய நடுத்தர வயது எஞ்சினியர் ஒருவர் மூட்டை சுமப்பவர் போல மூச்சிரைத்து ஏறுவதை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. வந்த புதிதில் இது ஏதோ தண்டனை என்றுதான் நினைத்தேன். வேலையில் பிழை விட்டவர்களை இந்த நாட்டில் இப்படித்தான் செய்வார்களாக்கும் என்று என் வடிகால் வரைபடங்களை இரண்டு தரம் சரிபார்த்தேன்.

பிறகுதான் விளங்கியது, அது பனிச்சறுக்குக்கான பயிற்சி. மெல்பேர்ணிலிருந்து அரை நாள் கார் ஓடினால் பனி விழும் மலைகள் வந்துவிடும். பலர் கம்பியில் தொங்கும் கதிரையில் இருந்தபடி உச்சிக்குப் போய்ச் சறுக்கி இறங்குவார்கள். புரூஸின் கூட்டத்துக்கு அது இழுக்கு. றோட்டு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, சாப்பாடு படுக்கை எல்லாவற்றையும் முதுகில் கட்டி, நீண்ட மரப்பலகைகளைக் காலில் மாட்டி, ஆள் நடமாட்டமில்லாத மலையில் நடந்தே ஏறி, ஒரு தகரக் குடிசையில் தங்கி வருவார்கள். குடிசையில் மூன்று பேருக்குத்தான் படுக்கை: புரூஸ், வரைபடம் வரையும் கொலின், கணக்குப் பகுதிப் பீற்றர். இந்த வருடம் பீற்றர் ஃபுட்போல் விளையாடிக் காலை முறித்துக்கொண்டார். அந்த மூன்றாவது படுக்கை என்னிடம் வந்தது.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே தனியாக வந்து சேர்ந்தவர்களுக்குத் தெரியும். வந்த நாள் தொடக்கம் எல்லாரும் என்னுடன் அன்பாகத்தான் இருந்தார்கள். குளிராயிருக்கிறதா என்று கேட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வந்தால் அவரவர் காரில் ஏறிப் போய்விடுவார்கள். ‘நீயும் வா’ என்று யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாயிற்று, அதுவும் ஒரு முறிந்த கால் சுகமாகும் வரைக்கும்தான். அடுத்த வருடம் படுக்கை பீற்றரிடம் திரும்பிவிடும். எனக்கு இந்த ஒரு குளிர்காலம், இந்த ஒரு பயணம்.

அந்த வருடம் பார்த்துத்தான் பனி விழாமல் நின்றது. காலையில் வானம் பளிச்சென்று நீலமாக விடியும். தட்டச்சுப் பெண் “என்ன அருமையான நாள்!” என்பாள். புரூஸும் கொலினும் யன்னலால் அந்த வெயிலைப் பார்த்து, கடன்காரனைக் கண்டது போல முகத்தைத் திருப்புவார்கள். நானும் திருப்பப் பழகினேன்.

பயிற்சியை விடவில்லை. மெல்பேர்ண் புறநகரான ஸ்பிரிங்வேலில் நானும் சிவம் அண்ணையும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவர் எங்கள் ஊர், என்னிலும் மூத்தவர். கந்தோரின் ரெலிபோன் புத்தகங்கள் புரூஸுக்கே போதாமல் இருந்ததால், நான் என் முதுகுப்பையில் அரிசிச் சாக்கை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். நாளுக்கு நாள் சுமை இலகுவாகிக்கொண்டு வந்தது. உடம்பு தேறுகிறது என்று புரூஸிடம் பெருமையாகச் சொன்னேன். சிவம் அண்ணை தினமும் அந்தச் சாக்கிலிருந்துதான் அரிசி எடுத்துச் சோறு காய்ச்சுகிறார் என்பது பிறகுதான் எனக்கும் புரூஸுக்கும் தெரிய வந்தது.

மாலையில் பீற்றரின் பலகைகளைக் காலில் மாட்டி, பின்வளவு ஈரப்புல்லில் நடப்பேன். அண்ணை குசினி வாசலில் நின்று பார்ப்பார்.

“என்னடாப்பா, புல்லிலையோ?”

“பனி இல்லை அண்ணை.”

“பனி இல்லாட்டி வீட்டுக்கை இருக்கலாமே. கொப்பர் தோட்டத்திலை முறிஞ்சு உன்னைப் படிப்பிச்சது, காலிலை பலகையைக் கட்டிக்கொண்டு குளத்துத் தாரா மாதிரி நடக்கவோ?”

ஒரு சனிக்கிழமை புரூஸ் வீட்டில் நாலு பேரும் கூடிப் பலகைகளுக்குத் தார் பூசினோம். மரத்தில் தாரைத் தடவி, நெருப்புச் சுவாலையால் சூடு காட்டி ஊற வைக்க வேண்டும். வள்ளம் திருத்தும் கரையில் வரும் மணம். வேலை முடிந்ததும் புரூஸ் ஒரு சோடி உடைந்த பலகையை எடுத்து வந்து முற்றத்தில் போட்டார். வடநாட்டுப் பனித் தெய்வம் ஒன்றுக்கு இதை எரித்தால் பனி கொட்டுமாம். சொல்லும்போதே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “நாங்களும் எரிப்போம்,” என்றேன். “ஆனால் வெறும் பலகையை இல்லை.”

அப்படித்தான் கொடும்பாவியைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. வானம் பொய்த்தால் ஊரில் ஒரு வைக்கோல் உருவம் கட்டி, இந்தப் பாவியால்தான் மழை போனது என்று தெருவில் இழுத்து, மாரடித்து அழுது, சுடலையில் எரிப்போம். எங்கள் ஊரில் அழுகைக்கு முன்னால் நிற்பவர் என் அப்பா. அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது, ஒப்பாரி வைக்கத் தெரியும். நான் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய வருடம், காற்றமுக்கத்தைப் பற்றி அவருக்கு விளங்கப்படுத்தி, இது மூடநம்பிக்கை என்றேன். அப்பா வெங்காயப் பாத்தியிலிருந்து நிமிர்ந்து, “சரி தம்பி. மழை வந்தா என்ரை அழுகை, வராட்டி உன்ரை படிப்பு” என்றார்.

கொலினுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. உடனே செய்வோம் என்றான். புரூஸின் பழைய காற்சட்டை, கம்பளிச் சட்டை எல்லாவற்றுக்குள்ளும் பத்திரிகைத் தாள் திணித்தோம்.

“பாவிக்குப் பெயர் என்ன?” என்று கேட்டான் கொலின்.

“பெயர் வைப்பதில்லை. வைத்தால் சண்டை வரும்.”

கொலின் தோட்டத்துக் கதிரையில் கால்கட்டோடு இருந்த பீற்றரின் தொப்பியைக் கழற்றிப் பாவியின் தலையில் வைத்தான். பாவியை உடைந்த பலகையில் கிடத்தி வீட்டைச் சுற்றி இழுத்தோம். அழ வேண்டிய இடம் வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொடங்கும்போது வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு எங்கிருந்து வந்ததோ, அப்பாவின் குரல் அப்படியே என் தொண்டையால் வந்தது. மார்பில் அடித்துக்கொண்டு, மூன்றாவது படுக்கையையும் நினைத்து, உண்மையாகவே அழுதேன்.

நெருப்பு அடங்கும் நேரம் பக்கத்து வீட்டுப் பெண்மணி கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கையில் மூடிய பாத்திரம், உள்ளே சூடாக இறைச்சிக் கறி. என் தோளைத் தொட்டு, “உனக்கு நெருங்கியவரா?” என்றார்.

“இல்லை மிஸிஸ், இது மழைக்கு.”

அவர் கண் கலங்கினார். “அழு மகனே. துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு மாதிரிப் பேச வைக்கும்,” என்று சொல்லிப் பாத்திரத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதை நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம். பீற்றர் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். இறந்தவர் தான்தானே என்றார்.

வீட்டுக்கு வந்தால் சிவம் அண்ணை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையில் தோட்டத்துக் குழாய்.

“செத்தவீட்டுக்குப் போட்டு வந்தவன் முழுகாமல் உள்ளுக்கை வரக்கூடாது.”

“அண்ணை, அது பொம்மை!”

“அழுதனியோ?”

“ஓம்.”

“அப்ப முழுகு.”

அந்தக் குளிரில், நாரியில் சுற்றிய துவாயுடன், எலுமிச்சை மரத்தடியில் நின்று முழுகினேன். பல் கிடுகிடுத்தது. ஆனால் ஒரு துடக்கும் தீட்டும் மிச்சமில்லாமல் காரியம் முடிந்தது என்ற நிம்மதி இருந்தது.

மறுநாள் விடிய வானம் கறுத்தது. மத்தியானம் மழை கொட்டத் தொடங்கியது. ஓட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் முற்றத்துக்கு ஓடினேன். சிவம் அண்ணையே குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “அடேய், கொப்பற்றை பிள்ளைதான்ரா!” என்றார். திங்கட்கிழமை காலை தலையால் தண்ணீர் வடிய, வெற்றிச் சிரிப்போடு கந்தோருக்குப் போனேன். புரூஸ் செத்தவீட்டு முகத்தோடு இருந்தார்.

“மலையிலும் மழைதான்,” என்றார். “இருந்த கொஞ்சப் பனியும் கரைந்து ஓடுகிறது.”

மழைநீர் வடிகால் கட்டச் சம்பளம் வாங்குகிறவன் நான். வானத்திலிருந்து விழுவது எல்லாமே நன்மை என்று நினைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் அதற்கு மாறாக ஒருவரும் நினைத்ததில்லை. கொடும்பாவி தன் வேலையைப் பிழையில்லாமல் செய்துவிட்டது. மழைக்கு எரித்தால் மழைதானே வரும்?

கொலின் மட்டும் துள்ளிக்கொண்டு வந்தான். வடமேற்கே, வறண்ட பக்கத்தில் அவன் தகப்பனுக்குக் கோதுமைக் காணி. காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தவர், விடியவே ரெலிபோன் எடுத்தாராம். “அப்பா கேட்கிறார், உனக்கு வாங்கித் தர, நீ என்ன குடிப்பாய் என்று.”

எனக்கு அது ஆறுதலாக இல்லை. புரூஸ் பயணத்தை நிறுத்துவது என்று வாயைத் திறக்கும்போது நான் குறுக்கே பேசினேன். மேலதிகாரியின் பேச்சை நான் இடைமறித்தது அதுதான் முதல்தரம். “பனி இல்லாவிட்டாலும் மலை இருக்கும்தானே. போவோம். எல்லாருடைய பலகைகளையும் நான் சுமக்கிறேன்.”

“அரிசி சுமந்த மாதிரியா?” என்றார் புரூஸ். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், “சரி மேட், போவோம்” என்றார்.

போனோம். பலகைகள் எங்களைச் சுமக்க வேண்டிய மலையில் பலகைகளை நாங்கள் சுமந்தோம். எங்கு பார்த்தாலும் நனைந்த புல். புரூஸ் ஓரிடத்தில் நின்று சுட்டிக் காட்டினார். வெயில் படாத ஒரு பள்ளத்தின் ஓரமாக, வீட்டுக் கோடிப்புறத்தில் காயப்போட்ட வேட்டி போல ஒரு நீளப் பனி, அழுக்காகக் கிடந்தது. “நீ முதலில் இறங்கு,” என்றார். “செத்தவீடு நடத்தியவன் நீதானே. அடுத்த வருடம் உன்னைத் தரையில்தான் படுக்க வைப்பேன். படுக்கை பீற்றருக்கு.”

அவர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார். நான் கேட்டது சரிதானா என்று கொலினைப் பார்த்தேன். அவன் என் காலணியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

இறங்கினேன். வேட்டி பாதியிலேயே ஒடுங்கியது. வலது பலகை பனியில் போனது, இடது பலகை புல்லில் இழுபட்டது. ஸ்பிரிங்வேல் புல்லில் பழகிய கால் என்பதால் விழவில்லை. அப்படியே அரைவட்டம் சுழன்று நின்றேன். அப்போது மழை பிடித்தது. புரூஸும் கொலினும் தொப்பியை இழுத்துவிட்டு, இங்கே எழுத முடியாத சொற்களால் வானத்தைத் திட்டினார்கள்.

“சிரிக்காதே!” என்று புரூஸ் மேலிருந்து கத்தினார். “நீயும் திட்டு!”

நானும் திட்டினேன். அவர்கள் பழக்கிய சொற்களை, அவர்கள் சொல்கிற மாதிரியே, முழுக் குரலில் திட்டினேன். குனிந்து பார்த்தபோது என் வலது கை கையுறையைக் கழற்றிவிட்டு, நீட்டி, குழித்து, மழையை ஏந்திக்கொண்டிருந்தது.