அருந்ததி தேடிய குவாசர்கள்

பருத்தித்துறையில் வள்ளம் வைத்துக் கடற்தொழில் செய்தவர் ஆழ்வாப்பிள்ளை. தாய் தகப்பன் இல்லாத அவருடைய தங்கை அருந்ததி 1968இல் வானியல் படிக்க இங்கிலாந்து போகப் புறப்பட்டபோது, சொந்தக்காரர் பலர் தடுத்தார்கள். "அவள் போகட்டும்" என்று ஆழ்வாப்பிள்ளை பேச்சை முடித்துவிட்டார்.

அங்கே அருந்ததிக்குக் கிடைத்தது குவாசர்களை ஆராயும் வேலை. மிகத் தொலைவிலுள்ள நட்சத்திரக் கூட்டங்களின் நடுவே எரியும் பேரொளிகள் அவை. தொலைநோக்கியில் எல்லாம் ஒரேமாதிரித்தான் தெரியும். ஆனால் பத்தில் ஒன்று மட்டுமே பலத்த வானொலி அலைகளை அனுப்பும். மற்றவற்றிலிருந்து மிகச் சொற்பமே வரும். ஏன் இந்த வேறுபாடு என்பதே அவருடைய கேள்வி.

1972இல் பட்டத்தோடு திரும்பி, கொடிகாமம் ரயில் ஸ்டேசனில் இறங்கினார். அண்ணை ஊன்றுகோலில் நின்றுகொண்டிருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

அருந்ததி போன மறுவருடம், மாரிக் கடலில் வள்ளம் பாறையில் மோதிக் கவிழ்ந்திருக்கிறது. நசுங்கிய காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

"ஏன் மச்சாள் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று அண்ணையின் மனைவி நாகேஸ்வரியிடம் கேட்டார்.

"உன்ரை அண்ணர் விடேல்லை. சொன்னால் பாதியிலை விட்டிட்டு வந்திடுவாளாம்."

காரில் வீடு வரும்வரை அருந்ததி அழுதார். வீட்டில் தேத்தண்ணி குடித்தபின் ஆழ்வாப்பிள்ளை மெல்லக் கேட்டார்.

"அழுதது காணும். தேடிப் போனது கிடைச்சுதோ?"

"முழுக்க இல்லை அண்ணை. நடுவிலை ஒரு கருந்துளை இருக்குதெண்டு நினைக்கினம். அதுக்குள்ளை விழுகிற வாயு சூடேறி எரியிறதுதான் அந்த வெளிச்சம். சிலது மட்டும் இரண்டு பக்கத்தாலையும் துகள்களைப் பீச்சி அடிக்குது போலை. அந்தப் பீச்சலிலையிருந்துதான் வானொலி அலை வருது."

"மற்றதுகள் ஏன் பீச்சேல்லை?"

"தெரியாது. கருந்துளை சுழலுற வேகம் காரணமாய் இருக்கலாம்."

"அப்ப இன்னும் வேலை கிடக்கு."

அருந்ததி நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தார். அண்ணையின் வற்புறுத்தலால் 1976இல் ஒரு வருடம் மறுபடியும் போய், அந்தத் துகள் பீச்சல்களைப் படம்பிடிக்கும் குழுவோடு வேலை செய்தார். இந்த முறை, வீட்டில் எது நடந்தாலும் தந்தி அடிப்பதாக அண்ணையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

1980இல் ஊர் வாசிகசாலையில் குவாசர்களைப் பற்றிப் பேசினார். விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், "இந்தக் கேள்வியோடை இவ்வளவு காலம் இருக்க எனக்குக் குடுத்துவைச்சது என்ரை அண்ணையாலை" என்றார். முன்வரிசையில் இருந்த ஆழ்வாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில், "பேச்சு நல்லாயிருந்தது. கடைசித் துண்டை மட்டும் விட்டிருக்கலாம்" என்றார்.

"அதைச் சொல்லத்தான் நான் பேசவே ஒப்புக்கொண்டனான்" என்றார் அருந்ததி.