கதைக்கிற குரலுக்கு ஒரு செட்

முதலில் ஓர் இரைச்சல் வரும். காய்ந்த எண்ணெயில் மிளகாயைப் போட்டதும் எழுகிற சத்தம்போல, ஆனால் அடங்காமல், ஒரே சீராக "ஸ்ஸ்" என்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள்ளிருந்துதான் உம்மாவின் குரல் மெல்லிய நூலாக மேலே வந்து சலாம் சொல்லும். புத்தளம் பக்கத்துக் கடலோர ஊரான கண்டக்குழியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த பழைய "ரேடியோ கெசட்"டில் நான் கேட்டு வளர்ந்த குரல் அதுதான். நான் ஆண்டு ஆறு படித்தபோது உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எழுதப் பழகாதவர் என்பதால் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி, லீவில் ஊர் வருகிறவர்களிடம் சவர்க்காரக் கட்டிகளுக்கு நடுவே சுற்றிக் கொடுத்தனுப்புவார்.

உம்மா போகும்போது தம்பி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். அவனுக்குப் பேச்சு வந்த பிறகு ஒருநாள், வழக்கம்போல வாப்பா கெசட்டைப் போட்டு, "உம்மாக்கு சலாம் சொல்லுங்க மகன்" என்றபோது அவன் ரேடியோவைக் காட்டி, "அது உம்மா இல்ல. அது பொட்டி" என்றான். நான் சிரித்தேன். வாப்பா சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு கொஞ்ச நேரம் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடற்காற்றில் உப்புப் படிந்து அதன் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. அதில் வாப்பாவே கடதாசி ஒட்டியிருந்தார். அந்தக் கடதாசி அதிரும் சத்தமும் உம்மாவின் குரலோடு சேர்ந்தே வந்தது.

வாப்பா மீன் லொறி ஓட்டினார். சிலாபம், நீர்கொழும்பு என்று போகிற வழியெல்லாம் மின்சாரச் சாமான் கடைகள் இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏதாவது ஒரு கடையில் லொறியை நிறுத்தி, இறங்கிப் போய், புதுக் கெசட் செட்டுகளைப் பார்த்துக் கேட்டுவிட்டு வரத் தொடங்கினார். வீட்டுக்கு மீனோடு புதுச் சொற்களும் வந்தன. ஸ்பீக்கரில் பெரிய வட்டம் "வூபர்", அது அடித்தொனிக்கு. சின்ன வட்டம் "ட்வீட்டர்", அது கூரான சத்தத்துக்கு. "அம்ப்" என்பது கெசட்டிலிருந்து வருகிற சின்னச் சத்தத்தைப் பெருப்பித்துக் கொடுப்பது. பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிட எனக்கு இவை சுலபமாக ஏறின. ஊர் இளந்தாரிகள் வந்து, வொட்ஸ் கூடின, சத்தம் பெரிய செட்டாகப் பார்த்து எடுக்கச் சொன்னார்கள், கல்யாண வீட்டுக்கும் வாடகைக்கு விடலாமாம். வாப்பா தலையாட்டிவிட்டு அவர்கள் போனதும் மறந்துவிடுவார்.

கடைகளில் எல்லோரும் ஆட்டப் பாட்டைப் போட்டுத்தான் செட்டைக் காட்டினார்கள். மேசையில் இருக்கிற கண்ணாடித் தம்ளர் நடுங்கினால் நல்ல செட். வாப்பா பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து உம்மாவின் கெசட்டை எடுத்துக் கொடுப்பாராம். இது மாமியின் காதுக்கு எட்டியது. மாமி வாப்பாவின் தங்கை. சவூதியில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர், அங்கே நடந்ததைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவர்.

"பொண்டாட்டிட கொரல கடை கடையாப் போட்டுக் காட்டுறீங்களாம், நானா. நாலு பேர் என்ன கதைப்பாங்க?"

"பாட்டு எல்லாச் செட்டிலயும் நல்லாத்தான் கேக்குது" என்றார் வாப்பா. "மனிசர் கதைக்கிறதுதான் கேக்குதில்ல."

கடைசியில் புத்தளத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மேல்மாடியில் இருந்த ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விற்பனைக்கு நின்ற இளைஞர் எங்களைக் கதிரையில் இருத்தி, இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸையும் இரண்டு பக்கமாகத் தள்ளி வைத்தார். கெசட்டைக் கொடுத்தபோது, "இது சும்மா கதைதானே நானா, இதுக்கு ரெண்டு பொக்ஸ் என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

உம்மா எங்களுக்கு முன்னால் நின்றார். வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பொக்ஸுக்கும் நடுவே வெறும் சுவர்தான் இருந்தது, ஆனால் குரல் அங்கிருந்துதான் வந்தது. சலாமுக்கு முன் எச்சில் விழுங்கியதும், மூச்சு எடுத்ததும் கேட்டன. வாப்பா மடியில் வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்த இரைச்சல் மட்டும் போகவில்லை. கூர்ந்து கேட்டேன். ஒன்றாக இருந்தது இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே கெசட்டின் மெல்லிய சீறல். அதற்குக் கீழே தடிப்பாக இன்னொன்று.

"வாப்பா, தண்ணி ஓடுது" என்றேன்.

இளைஞர் ஒரு திருகியைக் குறைத்தார். சீறல் அடங்கியது, தண்ணீர்ச் சத்தம் மட்டும் எஞ்சியது. திறந்துவிட்ட குழாய், தண்ணீர் விழுகிற வாளி, ஓடு பதித்த சுவர்களின் எதிரொலி. பிறகு, "தம்பிக்கு இருமல் எண்டா" என்று உம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது, கதவில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். பேச்சு அறுந்தது. மறுபடி உம்மா பேசியபோது விஷயம் வேறாக இருந்தது. வீட்டு ரேடியோவில் அந்த இடத்தை நூறு தடவை கேட்டிருக்கிறோம். கெசட் கோளாறு என்றே நினைத்திருந்தோம்.

இளைஞர் எங்களைப் பார்க்காமல் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு பிளேன்டீ வந்திருந்தது. வாப்பா அதை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, "இதையே கட்டித் தாங்க தம்பி" என்றார்.

பஸ்ஸில் ஒரு பொக்ஸ் என் மடியிலும் மற்றது வாப்பாவின் மடியிலும் இருந்தன. பாலாவி தாண்டியதும் வாப்பா கேட்டார்.

"உம்மா எங்க இரிந்து கதைச்சிருப்பா?"

"பாத்ரூம்ல, வாப்பா."

"ம்" என்றார்.

எனக்கு அழுகை வந்ததாக ஞாபகமில்லை. பொக்ஸைச் சுற்றியிருந்த வெள்ளை ரெஜிபோம் நுரை அட்டை கையில் கீச்சிட்டது. அதுதான் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் இருந்த கெசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடியது. மாமி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். கடைசிக் கெசட் முடிந்ததும், "கொழாயத் தொறந்து வச்சாத்தான் வெளிய கேக்காது. கதைக்கவும் உடாத வீடு. அவவ ஊருக்குக் கூப்பிட்டு எடுங்க, நானா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எங்களுக்குச் சோறு போட்டார்.

அடுத்த நாள் வாப்பா லொறியைக் கூட்டாளி ஒருவரிடம் விட்டுவிட்டு, உம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்குப் போனார். ஒப்பந்தம் முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். மாதக்கணக்கில் போனார். அந்த நாட்களில் நாங்கள் செட்டைப் போடவே இல்லை. அதன்மேல் ஒரு துணியை விரித்து வைத்திருந்தோம்.

உம்மா மெலிந்து வந்து சேர்ந்தார். வாசலில் நின்று தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவன் உள்ளே ஓடி, துணியைத் தூக்கிப் பார்த்தான். பொக்ஸுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான். உம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கவைக்க எங்களில் யாரும் முயலவில்லை. அவன் உம்மாவின் மடிக்கு வர ஒரு நோன்பும் ஒரு பெருநாளும் ஆயின.

வந்து வெகுநாளுக்குப் பிறகு, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, கெசட்டில் கதவைத் தட்டியது வீட்டுக்காரி இல்லையென்று உம்மா தானாகவே சொன்னார். கூட வேலை செய்த வேறு நாட்டுப் பிள்ளையாம். உம்மா கதைத்து முடியும்வரை அவள் வெளியே காவல் நிற்பாள். யாராவது வந்தால் தட்டுவாள். "நீங்க கூப்பிட்டதும் நான் வந்திட்டன். அவ தனிச்சிட்டா." வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது வாப்பா இல்லை. செட்டை உப்புக் காற்று தின்று முடித்தது. புத்தளத்து மேல்மாடிக் கடையில் கைத்தொலைபேசிக் கண்ணாடி மாற்றுகிறார்கள். கெசட்டில் பேசி அனுப்புவது என்ற ஒன்று இருந்ததையே என் பிள்ளைகள் நம்புவதில்லை. கண்டக்குழியில் காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகளிலிருந்து பெரிய ஸ்பீக்கர்களின் அடித்தொனி மட்டும் மணல் வழியாக வந்து எங்கள் வீட்டு ஜன்னலைத் தட்டும். உம்மா அதைப் பொருட்படுத்துவதில்லை.

போன மாதம் உம்மாவைப் பார்க்கப் போனபோது, காவல் நின்ற அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் கேட்டதேயில்லை. உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே யோசித்தார்.

"சொல்லித்தான் தந்தா. எனக்கு வாயில வரல்ல. நான் 'தங்கச்சி' எண்டுதான் கூப்பிட்டன்" என்றார். பிறகு சுளகை ஒருமுறை தட்டிவிட்டு, "அவ அத நான் வச்ச பேரெண்டு நினைச்சிருப்பா" என்றார்.